பதினாறும் பெற்று… பெருவாழ்வும் வாழ முடியுமா?

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கல்யாண வீட்டுச் சமாச்சாரம் என்று உள்ளே வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பொருளாதாரப் பாடம். ஆனால் பயந்து ஓட வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

எங்கள் வகுப்பில் தேசிய வருமானம், மக்கள்தொகை வளர்ச்சி, ஆயுட்காலம் மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். பாடத்தின் சாரம் இதுதான்: பணக்கார நாட்டில் பிள்ளைகள் குறைவு, ஆயுள் அதிகம். ஏழை நாட்டில் பிள்ளைகள் அதிகம், ஆயுள் குறைவு. ஆகவே வருமானத்தைக் கூட்டினால் மற்ற இரண்டும் தானாகச் சரியாகிவிடும். பரீட்சையில் இதை நாலு வரியில் எழுதி ஒரு படமும் வரைந்தால் மார்க் நிச்சயம்.

எனக்கு இது முழுசாக ஒட்டவில்லை. காரணம் என் ஊர்.

என் ஊர் வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு எங்கள் கடைத்தெருவைத் தெரியும். மெழுகுவர்த்திக்கும் பூமாலைக்கும் பக்கத்தில் காணிக்கைப் பொருட்கள் தொங்கும். பிள்ளை வேண்டிக்கொண்டவர்களுக்குச் சின்னத் தொட்டில். நோய் தீர வேண்டிக்கொண்டவர்களுக்குத் தகட்டில் வெட்டிய கண், கை, கால். சொந்த வீடு வேண்டிக்கொண்டவர்களுக்குக் குட்டி வீடு. எந்த மதத்துக்காரர் வந்தாலும், எந்த மாநிலத்துக்காரர் வந்தாலும் வேண்டுதல் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பிள்ளை, உடம்பு, காசு. பாடப்புத்தக மொழியில் சொன்னால் பிறப்பு விகிதம், ஆயுட்காலம், வருமானம். இதில் காசு கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வருமா என்பதுதான் கேள்வி. நான் தேடிப் படித்த வரையில் பதில்: பாதி ஆமாம், பாதி இல்லை. அந்த 'இல்லை' என்ற பாதிதான் நம் தமிழ்நாட்டின் கதை.

நாற்பது என்றால் நாற்பதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 1970-75 காலகட்டத்தில் தமிழ்நாட்டின் சராசரி ஆயுட்காலம் 49.6 வருடம். உடனே, "அப்போ எல்லாரும் ஐம்பது வயசில் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?" என்று கேட்பார்கள். இல்லை. அந்தக் காலத்திலும் எண்பது வயசுத் தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிறந்த வாரமே இறந்துவிட்டது. இன்னொன்று எண்பது வருடம் வாழ்ந்தது. சராசரி நாற்பது! அந்த வீட்டில் நாற்பது வயசில் யாருமே சாகவில்லை. 1971-ல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 13. இதே காலத்தில் ஆயுட்காலம் 49.6-லிருந்து 73.2-க்கு (2016-20) ஏறியது. ஆக, ஒரு ஏழைச் சமூகத்தில் ஆயுட்காலத்தை ஏற்றுவது என்றால் கிழவர்களைப் பிடித்து நிறுத்தி வைப்பது என்று அர்த்தமில்லை. முதல் வேலை, குழந்தைகளைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது.

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் அம்மாச்சியிடம் கேட்டிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அவர் ஒரே எண்ணில் பதில் சொல்ல மாட்டார். "பெத்தது ஏழு, பொழச்சது நாலு" என்பார். அவர் காலத்துக் கிழவிகள் பலருக்கும் பதில் இப்படி இரண்டு எண்களாகத்தான் வரும். என் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். அம்மாவின் பதில் ஒரே எண். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தைவிடப் பெரிய புரட்சி எங்கள் பக்கத்தில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கொடி கிடையாது, கோஷம் கிடையாது. அதனால் யாரும் கவனிக்கவில்லை.

காசு வந்து பிள்ளை குறைந்ததா?

1798-ல் மால்தஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரை எழுதினார். மக்களுக்கு வசதி கூடினால் பிள்ளைகள் பெருகும், கடைசியில் சோறு போதாமல் பஞ்சத்திலும் நோயிலும் சாவார்கள் என்பது அவர் வாதம். இந்தியாவுக்கு அதிகாரிகளைத் தயார் செய்ய கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கல்லூரியில்தான் அவர் கடைசிவரை பேராசிரியராக இருந்தார். நம்மை ஆள வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர் என்று சொல்லலாம். அதன் பிறகு உலகம் அவர் சொன்னதற்கு நேர் எதிராகப் போனது. வசதி கூடிய நாடுகளில் பிள்ளைகள் குறைந்தார்கள்.

உடனே மறுபக்கம் ஒரு வாதம் கிளம்பியது. 1974-ல் புகாரெஸ்ட் நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், அப்போதைய நம் சுகாதார அமைச்சர் கரண் சிங், வளர்ச்சிதான் மிகச் சிறந்த கருத்தடை சாதனம் என்ற கருத்தை முன்வைத்தார். நல்ல கருத்து. ஆனால் இரண்டே வருடத்தில், நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. வட மாநிலங்களில் நடந்த கட்டாயம் அடுத்த தேர்தலில் ஆட்சியையே கவிழ்த்தது. ஆக நம் நாட்டில் இரண்டு கட்சிகள்: காசு வரட்டும், தானாகக் குறையும் என்பது ஒன்று. பிடித்து இழுத்து ஆபரேஷன் செய்தால்தான் குறையும் என்பது இன்னொன்று.

இந்த இரண்டுக்கும் தமிழ்நாடும் கேரளாவும் கொடுத்த பதில் சுவாரஸ்யமானது. 1990-களின் தொடக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 1993-94-ல் பஞ்சாபில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 12,700 ரூபாய். ஹரியானாவில் சுமார் 11,000. தமிழ்நாட்டில் சுமார் 9,000. கேரளாவில் சுமார் 8,000. 'காசுதான் காரணம்' என்றால் பஞ்சாபிலும் ஹரியானாவிலும்தான் பிள்ளைகள் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் 1992-93-ல் எடுத்த முதல் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஹரியானாவில் 4 பிள்ளைகள், பஞ்சாபில் 2.9, தமிழ்நாட்டில் 2.5, கேரளாவில் 2. வரிசை கிட்டத்தட்ட தலைகீழ்!

ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுகட்டிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு 2.1 பிள்ளைகள் போதும் என்பார்கள். தமிழ்நாடு அந்த எண்ணை 1990-களிலேயே தொட்டுவிட்டது. பெரிய தொழிற்சாலைகள், மென்பொருள் கம்பெனிகள், நாலுவழிச் சாலைகள் எல்லாம் பெருமளவில் அதற்குப் பிறகு வந்தவை. அதாவது முதலில் பிள்ளைகள் குறைந்தார்கள், பிறகுதான் பெரிய காசு வந்தது. பாடப்புத்தகத்தில் குதிரையும் வண்டியும் இடம் மாறி நிற்கின்றன.

பின்னே எது?

இங்கேதான் சாமுவேல் பிரஸ்டன் என்ற மக்கள்தொகை ஆய்வாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் வந்த வளைகோட்டை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். படுக்கை வாட்டில் நாட்டின் வருமானம், நெட்டு வாட்டில் ஆயுட்காலம். கோடு முதலில் செங்குத்தாக ஏறும், பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். பட்டினி கிடப்பவனுக்கு ஆயிரம் ரூபாய் கூடினால் ஆயுள் கூடும். கோடீஸ்வரனுக்கு இன்னொரு கோடி வந்தால் ஒன்றும் கூடாது. இது வரைக்கும் எல்லோருக்கும் புரியும்.

அவர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம் வேறு. 1930-கள், 1960-கள் என்று இரண்டு காலத்துக் கோடுகளைப் போட்டுப் பார்த்தபோது கோடே மேலே நகர்ந்திருந்தது. அதாவது அதே வருமானம் உள்ள நாட்டில் முப்பது வருடம் கழித்து மக்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆயுள் கூடியதில் வருமான உயர்வின் பங்கு 10-லிருந்து 25 சதவீதம்தான் என்று அவர் கணக்கிட்டார். மீதி? தடுப்பூசி, கொசு ஒழிப்பு, சுத்தமான தண்ணீர், கிருமி பற்றிய அறிவு... இப்படி வந்த விஷயங்கள்.

இதில் பல விஷயங்கள் எவ்வளவு மலிவு தெரியுமா? 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்தில் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற மருந்து தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். உறவினர்களே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த மாதிரி முகாம்களில் 30 சதவீதம் வரை போன சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உப்பு, சர்க்கரை, தண்ணீர்! நம் சமையலறையில் இருப்பதுதான். ஆனால் அதை எப்போது, எந்த அளவில் கொடுப்பது என்று வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ளத் தாய் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் விஷயம்.

காசு மட்டும் இருந்து இது இல்லையென்றால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி என்று ஒரு சின்ன நாடு. 1990-களின் நடுவில் கடலில் பெட்ரோல் கிடைத்தது. 2008 வாக்கில் அதன் தனிநபர் வருமானம் இந்தியாவைப்போலப் பல மடங்கு. ஆனால் அங்கே சராசரி ஆயுள் இந்தியாவைவிடக் குறைவு. பெட்ரோல் காசு வந்தது, நர்ஸ் வரவில்லை.

காசு இல்லாமலும் இது இருந்தால்? அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்களே, அந்த இலங்கைதான். 1945-ல் கன்னங்கராவின் முயற்சியால் அங்கே இலவசக் கல்வி வந்தது. 1946-ல் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் ஒரே வருடத்தில், 1947-ல், 14 ஆக இறங்கியது. கொசு மட்டும்தான் காரணமா, உணவும் மருத்துவமனைகளும் காரணமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரே வருடத்தில் நாடு பணக்காரனாகிவிட்டதுதான் காரணம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நம்ம ஊரில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் இது ஒரே நாளில் நடக்கவில்லை. சிகிச்சை ஒரு துறை, நோய் வராமல் தடுப்பது இன்னொரு துறை என்று பிரித்து வைத்த மாநிலம் இது. 1939-லேயே மதராஸ் பொதுசுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1930 வாக்கில், பெரியாரின் குடி அரசு பத்திரிகை கர்ப்பத்தடையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. கவனியுங்கள், மற்றவர்கள் நாட்டின் சோற்றுக் கணக்குக்காகக் கர்ப்பத்தடை பேசியபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காகப் பேசினார். பிறகு காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு. சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பெண் குழந்தை நாலு எழுத்தும் படித்தது. அந்தக் குழந்தைதான் பத்து வருடம் கழித்து இரண்டோடு நிறுத்திக்கொண்ட தாய்.

இதற்கெல்லாம் நடுவில் கிராமத்துக்குக் கிராமம் நர்சம்மா. கிராம சுகாதார செவிலியர் என்பது அரசாங்கப் பெயர். டெல்டாவில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடந்து போய், யார் வீட்டில் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவர். என் அம்மா சொல்வார், "நர்சம்மா சொன்னா மாமியாரே எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்று. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும் சுவரில் இருந்தன. ஆனால் சுவரைப் பார்த்து யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை முதலில் வந்தது. நாலு பிழைக்க ஏழு பெற வேண்டிய அவசியம் போனது. அதன் பிறகுதான் சுவரில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

பிள்ளைகள் குறைந்ததும் மக்கள்தொகை உடனே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991-ல் 5.6 கோடியாக இருந்த தமிழ்நாடு 2011-ல் 7.2 கோடி ஆனது. வேகமாக வரும் ரயிலுக்குப் பிரேக் போட்டாலும் கொஞ்ச தூரம் போய்த்தானே நிற்கும்? முந்தைய தலைமுறையில் பிறந்த பெண்கள் எண்ணிக்கை அதிகம். அவர்கள் ஆளுக்கு இரண்டு பெற்றாலும் கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும். ஆனால் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டம் 2001-லிருந்து 2011 வரை பத்து வருடத்தில் வளர்ந்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. வேலை தேடி வெளியூருக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கணக்கும் இதில் சேரும்.

இதன் பலன் வருமானத்துக்கும் திரும்பி வந்தது. இரண்டு பிள்ளைகளோடு முப்பது வயசில் வீட்டுச் சுமை குறைந்த பெண் வேலைக்குப் போகிறாள். 2019-20 கணக்கின்படி இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள். வருமானம் ஆயுளைக் கூட்டுகிறது என்று சொல்வது சரிதான். ஆனால் சாகாத குழந்தையும் சின்னக் குடும்பமும் வருமானத்தைக் கூட்டுகின்றன என்பதும் அதே அளவு சரி. அம்புக்குறி இரண்டு பக்கமும் போகிறது.

சராசரி என்ற பொய்யன்

வருமானத்தைப் பற்றி இன்னொரு விஷயம். 'தனிநபர் வருமானம்' என்பது மொத்தத்தைத் தலைக்கு வகுத்தால் வருவது. யார் கையில் எவ்வளவு என்று அது சொல்லாது. எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்பார்கள். களஞ்சியம் நிறைய நெல். ஆனால் அந்த நெல்லை விளைவித்தவர்கள் கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும். எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. அந்த வருடத்துத் தஞ்சை மாவட்டத்தின் சராசரி நெல் விளைச்சலை வைத்து அந்தக் குழந்தைகளின் ஆயுளைக் கணக்கிட முடியுமா? வருமானம் ஆயுளாக மாற வேண்டுமென்றால் அது முதலில் அடுப்பு வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இனி எழுதப்போவதுதான் என்னை இந்தக் கட்டுரையே எழுத வைத்தது.

2004 டிசம்பர் 26. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. வேளாங்கண்ணிக் கடற்கரை முழுக்க வெளியூர்க் கூட்டம். நாகையில் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை மீனவ கிராமங்களில் வழக்கமான காலை. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியாவின் நிலப்பரப்பில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை சாவு இல்லை. அதிலும் நீச்சல் தெரியாத பெண்களும், ஓட முடியாத குழந்தைகளும் அதிகம்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்கு ஆபரேஷன் என்றுதான் அர்த்தம். மாத்திரை, மற்ற முறைகள் எல்லாம் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலேயே, இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு செய்துவிடுவார்கள். அந்தத் தாய்மார்கள் அரசாங்கம் சொன்னதைக் கேட்டார்கள். நர்சம்மாவை நம்பினார்கள். இரண்டு போதும், இரண்டும் பிழைக்கும் என்ற கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே காலையில் அலை வந்து அந்தக் கணக்கை அழித்துவிட்டுப் போனது.

எங்கள் அம்மாச்சி மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஆனாலும் நாலு பேர் இருந்தார்கள். இந்தத் தாய்மார்கள் சிலருக்கு இருந்ததே இரண்டுதான். இரண்டும் போனபோது எதுவுமே மிச்சமில்லை. இனிமேல் பெறவும் முடியாது. சின்னக் குடும்பம் என்பதற்குள் இப்படி ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

தமிழக அரசு ஒரு காரியம் செய்தது. குழந்தைகளை இழந்த, ஏற்கனவே கருத்தடை செய்துகொண்ட தாய்மார்களுக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்ய 2005-ல் ஏற்பாடு செய்தது. சிலருக்கு மறுபடி குழந்தை பிறந்தது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. வயசும் ஒரு காரணம், அந்த ஆபரேஷனின் தன்மையும் ஒரு காரணம். ஐம்பது வருடமாக 'நிறுத்திக்கொள்' என்று சொல்லி வந்த அரசாங்கம், சில நூறு தாய்மார்களுக்காகவாவது 'திரும்பப் பெற்றுக்கொள், நான் செலவு செய்கிறேன்' என்று சொன்னது. என்னைப் பொறுத்தவரை அது சலுகை அல்ல. ஒப்பந்தத்தில் தன் பக்கத்துக் கடமை இருக்கிறது என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. நீ குறைவாகப் பெற்றுக்கொள், பெற்றதை நான் காப்பாற்றுகிறேன் என்பதுதானே அந்த ஒப்பந்தம்?

இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகு காலராவும் அம்மையும் கிளம்பி இன்னொரு மடங்கு ஆட்களைக் கொண்டுபோகும் என்று உலகமே பயந்தது. அப்படி எந்தக் கொள்ளைநோயும் பரவவில்லை. முகாம்களில் குளோரின் போட்ட தண்ணீர், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கிய சுகாதார ஊழியர்கள். அலையை யாராலும் தடுக்க முடியவில்லை. அலைக்குப் பிறகு வர வேண்டிய சாவைத் தடுத்தார்கள். அந்த வாரத்தில் யாருடைய வருமானமும் கூடவில்லை. இருந்த வருமானமும் கடலோடு போயிருந்தது. ஆனாலும் குழந்தைகள் பிழைத்தார்கள். பிரஸ்டன் வளைகோட்டில் சொன்ன 'மீதி' இதுதான்.

பெருவாழ்வு வந்துவிட்டது, அப்புறம்?

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். 2023 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.3 பிள்ளைகள். இது பல ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவு. ஆனால் நம் வருமானம் ஐரோப்பிய வருமானம் அல்ல. 2011-ல் பத்தில் ஒருவர் அறுபது வயசைத் தாண்டியவர். 2031-ல் அது 18 சதவீதம் ஆகும் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. ஐரோப்பா பணக்காரனாகி பிறகு கிழவன் ஆனது. நாம் பணக்காரன் ஆகும் முன்பே கிழவன் ஆகிக்கொண்டிருக்கிறோம்.

2024 அக்டோபரில் ஒரு கல்யாண விழாவில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதால் நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் என்ற பேச்சைக் குறிப்பிட்டு, நாமும் பதினாறு பெற்றுக்கொண்டால் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். சபை சிரித்தது. ஆனால் கேள்வியில் உண்மை இருந்தது. ஒழுங்காக நடந்துகொண்டவனுக்கு என்ன பரிசு?

அதற்காகப் பதினாறு பெற முடியாது. பெறவும் வேண்டாம். பெரியவர்கள் சொன்ன அந்தப் பதினாறு பிள்ளைகளே அல்ல, கல்வி, நோயின்மை, பொருள் போன்ற பதினாறு பேறுகள் என்று தமிழாசிரியர்கள் சொல்லித்தருவார்கள். அப்படிப் பார்த்தால் நம் வாழ்த்தே ஒரு பொருளாதாரக் கட்டுரை. மற்ற பேறுகளைக் கொடு, பெருவாழ்வு தானாக வரும்.

ஆனால் வந்த பெருவாழ்வை யார் பார்த்துக்கொள்வது? டெல்டாவில் இன்று தெருவுக்கு நாலு வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான். பையன் துபாயில், பெண் சென்னையில். முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒரு மாதத்துக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுத்தது. அது சரியான திசை. அன்று தொட்டிலைத் தேடி வந்த நர்சம்மா, இன்று கட்டிலைத் தேடி வர வேண்டும்.

நண்பர்களே, பரீட்சையில் கேட்டால் நீங்கள் வழக்கமான விடையையே எழுதுங்கள், மார்க் முக்கியம்! ஆனால் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பெற்றுக்கொள்வது என்பது ஒரு ஏழைத் தாய் தன் அரசாங்கத்தின் மீது வைக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த மாநிலம் வளர்ந்தது. அந்தத் தாய்மார்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயசாகிறது. கடன் திருப்பித் தரவேண்டிய நேரம் இது.